1971 பிளிமத் டஸ்டர்: ஒரு குளிர்காலமும் 6,500 டாலரும் இருக்கையில் எதிலிருந்து தொடங்குவது?

நீல டஸ்டர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் டெட்ராய்ட்டுக்கு மேற்கே கேன்டனில் வசிக்கிறேன். சென்ற செப்டம்பரில், எங்கள் தெருவில் குடியிருந்த பெரியவர் ஒருவர் வீட்டைக் காலி செய்துவிட்டு மகளிடம் போகும்போது, தம்மிடமிருந்த 1971 பிளிமத் டஸ்டர் காரை எனக்கு விற்றார். அவர் ஹேம்ட்ராமிக்கில் இருந்த டாட்ஜ் மெயின் ஆலையில் வேலை பார்த்தவர். வண்டியின் அடையாள எண்ணில் ஏழாவதாக நிற்கும் ‘பி’ என்ற எழுத்து, இதுவும் அதே ஆலையில் பூட்டப்பட்டது என்பதைக் காட்டுகிறது. 1980-இல் மூடப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்ட ஆலையின் வண்டி இன்னமும் ஓடுகிறது என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. ஆகவே ஆசைக்காக இதைப் பிரித்துப் போட்டுவிட்டு, மீண்டும் பூட்ட முடியாமல் பாழாக்கிவிடக் கூடாது என்ற அச்சமும் எனக்கு உண்டு.

வண்டியின் நிலை இதுதான். 318 கன அங்குல வி8 எஞ்சின், இரட்டைக் குழல் கார்புரேட்டர், மூன்று வேக டார்க்ஃப்ளைட் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். எதையும் யாரும் மாற்றியதில்லை. பிரேக் பிடித்தால் இடப்பக்கம் இழுக்கிறது. முன்விளக்கைப் போட்டால், டாஷ்போர்டில் மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டரின் முள் கீழே இறங்கி நடுங்குகிறது. எஞ்சின் சூடான பிறகு நின்ற இடத்தில் ஒரே சீராக ஓடுவதில்லை. பின்சக்கரங்களுக்குப் பின்னால், பக்கத் தகட்டின் அடியில் பெயின்ட் குமிழ் விட்டிருக்கிறது.

எனக்கு இருப்பது 6,500 டாலர், நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான ஞாயிற்றுக்கிழமைக் காலைகள், இரண்டு வண்டிகள் நிற்கும் கராஜில் ஒரு பாதி. இரண்டு சிறு குழந்தைகள் இருப்பதால் ஞாயிற்றுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க இயலாது. கூட்டிப் பார்த்தால் மொத்தம் 90 மணி நேரம் தேறும். எண்ணெய் மாற்றுவது, பிளக் மாற்றுவது, பிரேக் கட்டை மாற்றுவது ஆகியவற்றைச் செய்திருக்கிறேன். எஞ்சினை இறக்கியதில்லை, வெல்டிங் தெரியாது.

என் எண்ணம் என்னவென்றால், காயலான் கடையில் நிற்கும் ராம் டிரக் ஒன்றிலிருந்து 5.9 லிட்டர் மேக்னம் எஞ்சினை 600 டாலருக்கு எடுத்து இதில் ஏற்றி, முன்பக்கம் டிஸ்க் பிரேக்கும் பின்பக்கம் அகலமான டயரும் போட்டு, 340 கன அங்குல எஞ்சினோடு வந்த பழைய டஸ்டர் 340-ஐப் போல ஆக்கிவிட வேண்டும் என்பதே. ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை, டெட்ராய்ட் பக்கம் உட்வர்ட் சாலையில் பழைய கார்கள் அணிவகுக்கும் உட்வர்ட் டிரீம் குரூஸ் வருகிறது. அன்று மனைவி, குழந்தைகளோடு அந்தச் சாலையில் ஒரு முறையாவது போய்வர விரும்புகிறேன். பந்தயத்துக்காக இல்லை. இந்தத் திட்டம் நடக்கக்கூடியதா, நடக்காது என்றால் எதை முதலில் எடுப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பழைய பட்டறை (பதில்)

வணக்கம் நண்பரே. இருபது ஆண்டுகளாக இதே வகை வண்டிகளோடு பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: மேக்னம் எஞ்சினை இந்தக் குளிர்காலத்தில் தொடாதீர்கள். அது கெட்ட எஞ்சின் அல்ல, நல்ல எஞ்சின். ஆனால் 600 டாலர் என்பது அதன் வாசற்படி விலைதான்.

அது டிரக்குக்காக வந்தது என்பதால் அதன் எண்ணெய்த் தொட்டி உங்கள் வண்டியின் ஸ்டியரிங் கம்பிகள் மேல் இடிக்கும். கார்களுக்கான தொட்டியும் அதற்குரிய உறிஞ்சு குழாயும் வாங்க வேண்டும். உங்கள் 318 எஞ்சின் தனக்குள்ளேயே சமன் செய்யப்பட்டது; 5.9 அப்படியல்ல, அதற்கு வெளியில் எடை சேர்த்த தகடு வேண்டும், அதைக் கவனியாமல் பூட்டினால் வண்டியே அதிரும். எஞ்சின் தாங்கியும் 318-க்கு வேறு, 5.9 சேர்ந்த 360 கன அங்குல வகைக்கு வேறு. மேக்னத்தில் எஞ்சினோடு ஓடும் பெட்ரோல் பம்புக்கு இடமே கிடையாது. மின்சார பம்ப் வைத்து அதற்கு வயர் இழுக்க வேண்டும். கார்புரேட்டர் வைக்க விரும்பினால், பழைய எஞ்சின்களின் மேனிஃபோல்டு (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குப் பிரியும் குழாய்த் தொகுதி) அதன் தலையில் உட்காராது, போல்ட் துளைகளின் கோணமே வேறு. இவற்றுக்கெல்லாம் மேலாக, அந்த எஞ்சின்களின் சிலிண்டர் ஹெட் வால்வு இருக்கைகளுக்கு நடுவில் வெடிப்பது மிகவும் சாதாரணம். பார்க்காமல் வாங்கினால் ஹெட்டுக்கும் செலவு. என் கணக்கில் உங்கள் பணத்தில் பாதிக்கு மேல் இதிலேயே கரையும். நேரமோ முழுவதும் கரையும், எஞ்சினை இறக்கிப் பழக்கமில்லாதவருக்கு இன்னும் கூடும். ஆகஸ்டில் எஞ்சின் இல்லாத வண்டி ஒன்று கராஜில் நிற்கும். இப்படி நின்று, பின்னர் பாதி விலைக்குப் போன வண்டிகளை நான் எண்ணிக்கை மறக்கும் அளவுக்குப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் 318-ஐ அதற்குரிய மதிப்போடு பாருங்கள். 1971-இல் அதற்குச் சொல்லப்பட்ட திறன் 230 குதிரைத்திறன். டஸ்டர் 340-க்கு 275. இரண்டும் காற்று வடிகட்டி, சைலன்சர் முதலிய சுமைகள் இல்லாமல் மேடையில் வைத்து அளந்த எண்கள். அடுத்த ஆண்டு வண்டியில் இருக்கும் நிலையிலேயே அளக்கும் முறை வந்தபோது அதே 318-க்கு 150 என்று போட்டார்கள். ஆகவே பழைய எண்களைப் பார்த்து ஏக்கம் கொள்ள வேண்டியதில்லை. டஸ்டர் எடை குறைந்த வண்டி. பிளிமத்தின் சிறிய காரான வேலியன்ட்டின் முன்பாதியை அப்படியே வைத்துக்கொண்டு, பின்பாதியை மட்டும் புதிதாக வரைந்து குறைந்த செலவில் செய்யப்பட்டது. முதல் ஆண்டிலேயே இரண்டு லட்சத்துக்கும் மேல் விற்றது இதனால்தான். சிறிய பணத்தில் பெரிய மகிழ்ச்சி என்பது இந்த வண்டியின் பிறப்பிலேயே இருக்கிறது.

இந்த எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறதா என்பதை ஒரே ஞாயிற்றில் தெரிந்துகொள்ளலாம். எட்டு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் போதும். அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, கிராங்கைக் கையால் ஒரு பக்கம் திருப்பி நிறுத்தி, பிறகு எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்புங்கள். கிராங்க் பத்து டிகிரி நகர்ந்தும் உள்ளே ரோட்டர் அசையவில்லை என்றால் டைமிங் செயின் தொய்ந்துவிட்டது என்று பொருள். இதை அலட்சியம் செய்ய வேண்டாம். அந்தக் காலத்தில் சத்தம் குறைய வேண்டும் என்று, வால்வுகளைத் திறக்கும் தண்டான கேமின் சக்கரப் பல்லில் நைலான் பூசியிருந்தார்கள். வயதானால் அது உதிர்ந்து, தூள் எண்ணெய்த் தொட்டியில் விழுந்து, உறிஞ்சு குழாயின் வலையை அடைக்கும். முழு இரும்புச் சக்கரமும் புதிய செயினும் விலை அதிகமில்லை, முன்பக்கத்தைக் கழற்றும் வேலைதான் பெரிது. அதற்கு இரண்டு ஞாயிறு வையுங்கள்.

அதன் பிறகு நான்கு குழல் கார்புரேட்டருக்கு ஏற்ற அலுமினிய மேனிஃபோல்டும் நிமிடத்துக்கு 600 கன அடி காற்று இழுக்கும் கார்புரேட்டரும் போதும். எடெல்பிராக் போன்றவர்கள் 318-க்கென்றே மேனிஃபோல்டு செய்கிறார்கள். கேமை மாற்ற வேண்டாம். தட்டையான டேப்பட் உள்ள இந்த எஞ்சின்களில் புதுக் கேம் போட்டால், முதல் இருபது நிமிடங்கள், நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் விடாமல் ஓட்டிப் பழக்க வேண்டும். துத்தநாகச் சத்துள்ள எண்ணெய் ஊற்ற வேண்டும். ஒன்று தவறினால் கேம் தேய்ந்து இரும்புத்தூள் எஞ்சின் முழுவதும் பரவும். கிடைக்கும் பயனுக்கு அந்த ஆபத்து மிகுதி.

கார்புரேட்டர் மாற்றும்போது ஒன்றை மட்டும் உயிர்போல நினைவில் வையுங்கள். டார்க்ஃப்ளைட்டில் கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் ஒரு கம்பி இருக்கிறது. அது வெறுமனே கியரை இறக்குவதற்கு மட்டுமானது என்று பலர் எண்ணி, புதிய கார்புரேட்டரில் பொருந்தவில்லை என்றதும் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் உள்ளேயுள்ள எண்ணெய் அழுத்தத்தைத் தீர்மானிப்பதே அந்தக் கம்பிதான். அது இல்லாமல் ஓட்டினால் அழுத்தம் குறைந்து, கிளட்ச் தகடுகள் வழுக்கி, சில நாட்களிலேயே கருகிவிடும். அதற்கான சிறு இணைப்புத் துண்டு தனியாகக் கிடைக்கும். கார்புரேட்டரோடு சேர்த்தே வாங்குங்கள்.

பணக் கணக்கு ஏறத்தாழ இப்படி வரும்: இப்போதுள்ள டிரம் பிரேக்கையே புதுப்பிக்க உருளைகள், குழாய்கள் 350 டாலர், வயரிங் 150, எலக்ட்ரானிக் இக்னிஷன் (பிளக்குகளுக்குப் பொறி கொடுக்கும் மின்னணு அமைப்பு) 250, மேனிஃபோல்டும் கார்புரேட்டரும் 900, இரட்டைச் சைலன்சர் குழாய் கடையில் கொடுத்தால் 700, இப்போதுள்ள ரிம்மிலேயே நான்கு நல்ல டயர்கள் 600. மொத்தம் 2,950. மீதி 3,550 டாலரைத் தொடாமல் வையுங்கள், துரு அதைக் கேட்கும். இந்த வண்டிக்குத் தனிச் சட்டம் கிடையாது. உடலும் சட்டமும் ஒன்றே. மிச்சிகன் சாலைகளில் குளிர்காலத்தில் கொட்டும் உப்பில் ஐம்பது ஆண்டுகளில் சில காலமாவது இது ஓடியிருக்கும். எந்தச் சாமானுக்கும் ஆர்டர் கொடுப்பதற்கு முன் வண்டியைத் தாங்கியில் ஏற்றி, அடியில் படுத்து, முன் இருக்கைக்குக் கீழே குறுக்கே ஓடும், டார்ஷன் பார்களை (முன்பக்க ஸ்பிரிங்காக வேலை செய்யும் இரும்புத் தண்டுகளை) தாங்கும் குறுக்குச் சட்டத்தைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது, ஒரு நிமிடத்துக்கும் கூடாது.

ஒஹாயோ கராஜ் (பதில்)

மேலே எழுதிய நண்பரின் பதில் மிகவும் பயனுள்ளது. எஞ்சின் விஷயத்தில் அவரோடு முழுவதும் உடன்படுகிறேன். பிரேக் விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து இருக்கிறது.

டிரம்மைப் புதுப்பித்தால் போதும் என்பது தனியாக ஓட்டுபவருக்குச் சரி. குழந்தைகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, இன்றைய கார்களுக்கு நடுவே, நின்று நின்று நகரும் ஆகஸ்ட் மாத உட்வர்ட் சாலையில் போகிறவருக்கு முன்சக்கரங்களில் டிஸ்க் வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். டிரம் முதல் இரண்டு முறை நன்றாகவே நிறுத்தும். சூடேறிய பிறகுதான் அதன் குறை தெரியும். மழைநீர் புகுந்தால் ஒரு பக்கம் பிடித்து மறு பக்கம் பிடிக்காமலும் போகும். மிச்சிகனில் ஆண்டுதோறும் வண்டியைப் பரிசோதிக்கும் விதி கிடையாது என்பதால், உங்கள் பிரேக் சரியாக இருக்கிறதா என்று உங்களைத் தவிர வேறு யாரும் பார்க்கப்போவதில்லை.

ஆனால் இந்த மாற்றம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை முன்பே தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். குறைந்த செலவில் எல்லோரும் செய்வது, 1973 முதல் 1976 வரை வந்த டார்ட், வேலியன்ட், டஸ்டர் கார்களின் முன்சக்கர டிஸ்க் அமைப்பை எடுத்துப் பூட்டுவது. அதில் மேற்புறப் பந்து மூட்டு பெரியது, ஆகவே அந்த மூட்டு உட்காரும் மேற்புறச் சக்கரக் கையையும் சேர்த்து மாற்ற வேண்டும். அது முடிந்ததும் அடுத்த சிக்கல் நிற்கும்: உங்கள் வண்டியின் சக்கர போல்ட்டுகள் ஐந்தும் 4 அங்குல வட்டத்தில் இருக்கின்றன, 1973-க்குப் பிந்தைய அமைப்பில் அவை 4½ அங்குல வட்டத்தில் இருக்கின்றன. முன்னால் ஒரு ரிம், பின்னால் வேறு ரிம் என்று ஆகும். மாற்றுச் சக்கரம் ஒன்றுக்குப் பதில் இரண்டு எடுத்துப் போக வேண்டும். அதைச் சரிசெய்யப் பின் ஆக்ஸிலை மாற்ற வேண்டும். ஆக்ஸில் மாறினால் நான்கு ரிம்மும் மாறும். பிரேக் என்று தொடங்கியது இப்படித்தான் வண்டியின் கடைசி வரை இழுத்துக்கொண்டு போகும்.

டஸ்டரின் டாட்ஜ் வடிவமான என் 1972 டெமனுக்கு நான் இதைத்தான் செய்தேன். பின்னால் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 அங்குல ஆக்ஸிலைப் போட்டேன். 1995 முதல் 2001 வரை வந்த எக்ஸ்ப்ளோரர்களில் அது டிஸ்க் பிரேக்கோடு கிடைக்கும், போல்ட் வட்டம் 4½ அங்குலம், காயலான் கடைகளில் இன்னமும் அகப்படும். ஆனால் அதன் இடக்குழாய் நீளம் கூடியது; அதை வெட்டிக் குறைத்து, வலப்பக்கத்துக் குட்டைத் தண்டு ஒன்றையே இடப்பக்கமும் போட வேண்டும். லீஃப் ஸ்பிரிங் உட்காரும் மேடைகளைச் சரியான கோணத்தில் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். வெல்டிங் தெரியாதவர் இதைக் கடையில் கொடுத்தே செய்ய இயலும். உங்களுடைய பழைய 7¼ அங்குல ஆக்ஸில் இப்போதைய 318-க்குத் தாங்கும். டயர் அகலமாகி எஞ்சினும் வலுவானால்தான் அதன் கிரவுன் பினியன் மேல் அச்சம் வரும்.

ஆகவே என் யோசனை இது: 4 அங்குல வட்டத்துக்கென்றே துளையிட்ட டிஸ்க் கிட்டுகள் கிடைக்கின்றன, அவற்றில் ஒன்றை வாங்கிப் போடுங்கள். ரிம் தெரிவு குறைவாக இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பின் ஆக்ஸில் அப்படியே இருக்கட்டும். கிட்டோடு மாஸ்டர் சிலிண்டரும் (பெடலை மிதிக்கும்போது பிரேக் எண்ணெயைத் தள்ளும் உருளை) அழுத்தத்தைப் பகிரும் வால்வும் வருகின்றனவா என்று கேட்டு வாங்குங்கள். டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் குழாயில் சிறிது அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் ஒரு வால்வு உண்டு. அது டிஸ்க்கோடு சேர்ந்தால் பிரேக் எப்போதும் லேசாகப் பிடித்துக்கொண்டே ஓடும். இன்னொன்று, பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் இருக்கலாம். டிரம்மைத் திறந்ததும் காற்று அடித்துத் தூசியை ஊதிவிடாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள், குழந்தைகள் அன்று கராஜுக்குள் வர வேண்டாம்.

காயலான் கடையில் சாமான் தேடும்போது உதவும் என்பதால் இதையும் சொல்கிறேன். 1970 வரையிலான இந்த வகை வண்டிகளில் இடப்பக்கச் சக்கரங்களின் நட்டு இடதுமரை கொண்டது. அது தெரியாமல் வழக்கமான திசையில் பலம் போட்டுப் போல்ட்டை முறித்தவர்கள் உண்டு.

மின்கம்பி (பதில்)

இருவரும் பிரேக்கையும் எஞ்சினையும் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். நான் அம்மீட்டர் முள் நடுங்குகிறது என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிக்காகவே பதில் எழுதுகிறேன். என்னைக் கேட்டால் முதல் ஞாயிறு அதற்குத்தான்.

இந்த வண்டிகளில் ஆல்டர்னேட்டரில் பிறக்கும் மின்சாரம் பேட்டரிக்கு நேராகப் போவதில்லை. எஞ்சினுக்கும் பயணிகள் பகுதிக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவரான ஃபயர்வாலில் இருக்கும் பெரிய பிளாஸ்டிக் இணைப்பின் வழியாக உள்ளே நுழைந்து, டாஷ்போர்டின் பின்னால் அம்மீட்டரைக் கடந்து, மறுபடியும் அதே பிளாஸ்டிக் இணைப்பின் வழியாக வெளியே வந்து, அதன் பிறகே பேட்டரிக்குச் சேர்கிறது. அந்த இணைப்பில் இருப்பவை மெல்லிய தகட்டு முனைகள். ஐம்பது ஆண்டு ஈரத்தில் அவை கறுத்துத் தடை கூடியிருக்கும். தடை கூடினால் சூடு. சூடு கூடினால் பிளாஸ்டிக் உருகும். அம்மீட்டரின் பின்புறத் திருகாணிகள் தளர்ந்திருந்தாலும் அதே கதி, அதுவும் டாஷ்போர்டுக்குள்ளே. இப்படிக் கருகிய வண்டிகள் பல. முன்விளக்கைப் போட்டதும் முள் இறங்கி நடுங்குவதற்கு ஆல்டர்னேட்டர் பெல்ட் தளர்வும் காரணமாக இருக்கலாம், ஆயினும் இணைப்பைப் பிரித்துப் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போக வேண்டாம்.

பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, எஞ்சின் பக்கம் இருந்து இணைப்புகளை இழுத்துப் பாருங்கள். தடித்த கறுப்பு வயரும் சிவப்பு வயரும் நுழையும் இடங்களில் பழுப்பேறி உருக்குலைந்திருந்தால் சந்தேகமே இல்லை. தீர்வு எளிது. ஆல்டர்னேட்டரின் வெளியீட்டிலிருந்து ஸ்டார்ட்டர் ரிலேயில் பேட்டரி வயர் சேரும் முனைக்கு, எஞ்சின் பகுதிக்குள்ளேயே 8-ஆம் எண் தடித்த வயர் ஒன்றை இழுத்து, அதில் 12-ஆம் எண் உருகுகம்பியைச் சேருங்கள். உள்ளே அம்மீட்டரின் இரண்டு வயர்களையும் ஒரே திருகாணியில் இறுக்கிவிடுங்கள். அம்மீட்டர் அதன் பிறகு ஒன்றும் காட்டாது. சிறிய வோல்ட் மீட்டர் ஒன்றை அடியில் வைத்துக்கொள்ளலாம். எதையும் வெட்டாமல் செய்தால், பிற்காலத்தில் யாராவது பழைய நிலைக்குக் கொண்டுவர விரும்பினாலும் அரை மணி நேர வேலைதான்.

இரண்டாவதாக, முன்விளக்குகளுக்கு இரண்டு ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) போடுங்கள். இப்போது விளக்கின் முழு மின்சாரமும் டாஷ்போர்டு சுவிட்சின் வழியாகவே போய்வருகிறது. ரிலே போட்ட அன்றிரவே வெளிச்சத்தில் வேறுபாடு தெரியும், செலவு மிகக் குறைவு.

எலக்ட்ரானிக் இக்னிஷன் பற்றிப் பழைய பட்டறை நண்பர் ஒரு வரியில் சொல்லிப் போனார். கிரைஸ்லர் நிறுவனமே 1973-இல் எல்லா எஞ்சின்களுக்கும் அதை வழங்கிவிட்டதால், அதே அமைப்பை உங்கள் வண்டியில் போடுவது அந்நியமான மாற்றம் ஆகாது. கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திருகும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி வெற்று இரும்பில் உட்கார வையுங்கள், இல்லையெனில் அதற்கு எர்த் கிடைக்காமல் எஞ்சின் நின்று நின்று ஓடும். ஃபயர்வாலில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் மின்தடை ஒன்றைக் கூடுதலாக வாங்கி, ஒரு திருப்புளியோடு கையுறைப் பெட்டியில் போட்டு வையுங்கள். அது முன்னறிவிப்பு இல்லாமல் போகும். போனால் சாவியைத் திருப்பும்போது எஞ்சின் பிடிக்கும், கையை விட்டதும் அணையும்.

நீல டஸ்டர் (மறுபதில்)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மேக்னம் எஞ்சினை விட்டுவிட்டேன். காயலான் கடைக்காரரிடமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மனத்தில் சிறிது வருத்தம் இருந்தாலும், வண்டி ஆகஸ்டில் ஓட வேண்டும் என்பதே எனக்கு முதன்மை.

இந்த ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். ஃபயர்வால் இணைப்பைப் பிரித்தேன். சிவப்பு வயர் நுழையும் இடம் நன்றாகவே உருகியிருந்தது. வயரின் உறை இரண்டு அங்குலத்துக்கு மொறமொறவென்று உடைந்து வந்தது. இந்த வண்டியில்தான் செப்டம்பரில் இரவு நேரத்தில் நாற்பது மைல் ஓட்டி வந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் கலக்கமாக இருக்கிறது. மின்கம்பி நண்பர் அந்த ஒரு வரியைக் கவனித்திராவிட்டால் நான் கார்புரேட்டர் வாங்கியிருப்பேன்.

பிறகு வண்டியைத் தாங்கியில் ஏற்றித் திருப்புளியால் குத்திப் பார்த்தேன். குறுக்குச் சட்டம் பெரும்பாலும் கெட்டியாக இருக்கிறது. ஆனால் இடப்பக்க டார்ஷன் பார் நுழையும் குழிக்கு ஒரு சாண் தள்ளி, ஓர் இடத்தில் திருப்புளி உள்ளே போய்விட்டது. அதற்கு நேர் மேலே ஓட்டுநர் காலடித் தகட்டில், கம்பளத்தை உரித்துப் பார்த்தபோது உள்ளங்கை அளவு ஓட்டை. கம்பளத்தின் அடி ஈரமாகவே இருந்தது. இதை வைத்துக்கொண்டு மற்ற வேலைகளைத் தொடரலாமா, அல்லது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் இதைப் பார்க்க வேண்டுமா?

பழைய பட்டறை (பதில்)

நிறுத்த வேண்டும். முன்பக்கத்தின் பாரம் முழுவதையும் முறுக்கித் தாங்கும் இரண்டு இரும்புத் தண்டுகளின் பின்முனைகள் அந்தக் குறுக்குச் சட்டத்தில்தான் ஊன்றி நிற்கின்றன. அங்கே தகடு பலவீனமாக இருக்கும்போது வண்டியைச் சாலையில் எடுக்கவே கூடாது. ஆனால் மனம் தளர வேண்டியதில்லை. ஒரு பக்கம் ஓர் இடம் மட்டும் என்றால் நல்ல டிங்கரிங் கடையில் இரண்டு நாள் வேலை. நான் ஒதுக்கச் சொன்ன 3,550 டாலர் இதற்காகத்தான். பட்டி வைத்து மூடி மேலே கறுப்புப் பூசித் தரும் கடை வேண்டாம். கெட்ட இரும்பை வெட்டி எடுத்து, அதே கனமுள்ள புதுத் தகட்டைப் பற்றவைத்து, மூடுவதற்கு முன் உங்களைக் கூப்பிட்டுக் காட்ட ஒப்புக்கொள்ளும் கடையைத் தேடுங்கள்.

வண்டியைக் கொடுப்பதற்கு முன் நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. இருக்கையையும் கம்பளத்தையும் கழற்றி வையுங்கள். அந்தப் பகுதியில் போகும் பிரேக், பெட்ரோல் குழாய்களை இப்போதே மாற்ற வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். ரப்பர்க் குழாய்களை எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலைத் தாங்கும் வகையிலேயே வாங்குங்கள். பற்றவைக்கும்போது பேட்டரி கழற்றப்பட்டிருக்க வேண்டும். டார்ஷன் பார்களைக் கழற்றுவதானால், கீழ்க்கைகளில் இருக்கும் உயரச் சரிசெய் போல்ட்டுகளை முழுவதும் தளர்த்தி முறுக்கை இறக்கிய பிறகே தொட வேண்டும். இடது, வலது என்று முனையில் குறி இருக்கும், மாற்றிப் போடக் கூடாது. அவற்றைப் பிளம்பர் ஸ்பேனரால் பிடித்து இழுக்கவே கூடாது. மேலே ஒரு கீறல் விழுந்தாலும், பின்னொரு நாள் அந்தக் கீறலில் தொடங்கி வெடிக்கும்.

கம்பளம் ஈரமாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் தகடு மாற்றினால் ஐந்து ஆண்டுகளில் அதே ஓட்டை திரும்ப வரும். ஒருவரை உள்ளே விளக்கோடு உட்கார வைத்து, கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் காற்றுத் துளைகளில் ஒரு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். எங்கே சொட்டுகிறது என்பதைச் சுண்ணக்கட்டியால் குறித்துப் படம் எடுத்து இங்கே போடுங்கள். கண்ணாடி ரப்பரா, உள் தகடா என்பதைப் பார்த்தால் சொல்லிவிடலாம்.

ஒஹாயோ கராஜ் (பதில்)

டார்ஷன் பாரைக் கீறாமல் பற்றி இழுக்கும் பிடிப்புக் கருவி என்னிடம் ஒன்று இருக்கிறது. டோலிடோவிலிருந்து உங்கள் ஊர் ஒரு மணி நேரம்கூட இல்லை. வரும் சனிக்கிழமை மாலை வந்தால் எடுத்துக்கொண்டு போகலாம். வேலை முடியும் வரை வைத்துக்கொள்ளுங்கள், அவசரமில்லை. வரும்போது உங்கள் பழைய ரிம் ஒன்றைக் கொண்டுவாருங்கள். நான் சொன்ன 4 அங்குல வட்ட டிஸ்க் கிட்டின் கேலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) அதற்குள் இடிக்காமல் உட்காருகிறதா என்று, பணம் கொடுப்பதற்கு முன்பே இங்கே வைத்துப் பார்த்துவிடலாம்.